பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துமூன்று

வலது காலுக்குக் கீழேதான் சத்தம். சைக்கிள் மிதி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது ஒரு ‘கறுக்’. சுற்றுக்கு ஒன்று, தவறாமல். மதுரைக் கோச்சடையில் ஆரம்பித்தது, துவரிமான், கொடிமங்கலம் தாண்டி மேலக்கால் வரைக்கும் கூடவே வந்தது. காலை ஐந்தரை மணிக்கு வயல் நடுவில் வேறு எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில் அது பல்லைக் கடிக்கிற மாதிரி கேட்கும்.

காரணம் எனக்குத் தெரியும். பத்து நாள் முன்னால் ஐப்பசி அடைமழையில் அதே சாலையின் மேலே ஓரிடத்தில் கண்மாய்த் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. திரும்பியிருக்கலாம். முன்னால் போன பால்காரர் கேன்களோடு எக்ஸெல்லில் சர்ரென்று கடந்துவிட்டார், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிதி முங்க முங்க நூறடி ஓட்டினேன். அந்தப் பக்கம் ஏறினால் தொளி உழுத டிராக்டர் சாலையெல்லாம் இழுத்துவிட்ட சேறு. வீட்டுக்கு வந்ததும் வாசலில் நிறுத்தி ஹோஸ் பைப்பால் நேராக மிதியைப் பார்த்தே அடித்தேன். சேறு போனது. கொஞ்சம் தண்ணீர் உள்ளேயும் போயிருக்கும்.

என் வண்டியில் இருப்பது ஷூவோடு பூட்டிக்கொள்ளும் மிதி. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது “விழுந்துட மாட்டீங்களா?” என்றுதான். விழுந்திருக்கிறேன், காளவாசல் சிக்னலில், நின்ற நிலையிலேயே, ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் பார்க்க. குதிகாலை வெளியே திருப்பினால் கழன்றுவிடும் என்பது காலுக்குப் பழகும்வரை அப்படித்தான். பூட்டிக்கொள்கிற இதற்கு ‘கிளிப்லெஸ்’ என்று பெயர் வைத்திருப்பது இன்னொரு கூத்து. முன்காலத்துப் பந்தய சைக்கிள்களில் பாதத்தைச் செருகிக்கொள்ள ஒரு கூண்டும் வாரும் இருக்கும். அதற்குத்தான் கிளிப் என்று பெயர். அது இல்லாததால் கிளிப்லெஸ். பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸ் பூட்டும் முறையை வைத்து 1984-ல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே சைக்கிள் பந்தய வீரர் பெர்னார் இனோ அதைப் போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். சேற்றுக்கும் நடைக்கும் ஏற்ற சின்ன இரும்பு கிளீட் (ஷூவின் அடியில் இருந்து மிதியில் பூட்டிக்கொள்ளும் துண்டு) வைத்த எஸ்பிடி மிதிகளை ஜப்பானின் ஷிமானோ 1990-ல் விட்டது. என்னிடம் இருப்பது அந்த வம்சம்தான், எம்520. பெரிய விலை இல்லை, இரண்டு பக்கமும் பூட்டும், அடி தாங்கும்.

சத்தத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை கூட ஓட்டுகிற நண்பர்களிடம் சொன்னால் ஆளுக்கு ஒரு வைத்தியம். பாட்டம் பிராக்கெட் (மிதிக் கைகள் சுற்றும் நடு அச்சு) போயிருக்கும், சீட் போஸ்ட்டாக இருக்கும், செயின் காய்ந்திருக்கும். நான் லேபில் வேலை பார்க்கிறவள். காய்ச்சலுக்கு ஒரே நாளில் எட்டு டெஸ்ட் எழுதுகிற டாக்டர்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழிப்பதுதான் சரி என்று ஒரு பிடிவாதம். எழுந்து நின்று மிதித்தேன், சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே சீட் இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் செருப்போடு மிதித்தேன், அப்போதும் இருந்தது. ஆகவே கிளீட் இல்லை. (இதை முதலில் பாருங்கள். பாதிப் பேருக்குச் சத்தம் கிளீட்டில்தான் இருக்கும். 4 எம்எம் எல்-கீயால் அந்த இரண்டு போல்ட்டையும் இறுக்கி, உரசும் இடத்தில் ஒரு சொட்டு ஆயில் விட்டால் கதை முடிந்தது.) கடைசியில் மிதியையே கழற்றிக் கையில் வைத்து அச்சைச் சுற்றினேன். விரல் நுனியில் மணல் நெறிபட்டது. அச்சைப் பிடித்து ஆட்டினால் லேசாக டக் டக் என்று ஆட்டமும் இருந்தது.

இடது மிதியைச் சுண்டிவிட்டால் காற்றாடி மாதிரி விர்ரென்று சுற்றியது. அதை நல்ல மிதி என்று நினைத்தேன். தப்பு. உள்ளே கிரீஸ் இருக்கிற மிதி அப்படிச் சுற்றாது. வழவழப்பாக, சோம்பலாக ஒரு சுற்றோ அரைச் சுற்றோ வந்து நின்றுவிடும். விர்ரென்று சுற்றுகிறது என்றால் உள்ளே பசை இல்லை என்று பொருள்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். நல்ல ஏசி கடை. கவுன்டரில் இருந்த பையன் மிதியைத் தொடக்கூட இல்லை. “இதெல்லாம் சர்வீஸ் கெடையாது மேடம், புது செட் மாத்திருங்க.” எங்கள் அப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முன்னால் தன் ஹெர்குலிஸை ஓவராயில் பண்ணக் கொடுப்பார். மிதி உட்பட எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங் குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து வரும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ‘சர்வீஸ் கெடையாது’ என்ற வார்த்தை உறுத்தியது. அதுவும் உண்மை இல்லை. ஷிமானோவே இதைத் திறக்க ஒரு கருவி விற்கிறது. டிஎல்-பிடி40 என்று பெயர், சாம்பல் நிற பிளாஸ்டிக் வளையம், உள்ளே பல் பல்லாக இருக்கும். ஆன்லைனில் போட்டேன், ஒரு வாரத்தில் வந்தது.

வந்த அன்று இரவே மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். அந்த வளையத்தைக் கையால் பிடித்துத் திருப்ப முடியாது என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துபோனது. அதை அசையாமல் கவ்விப் பிடிக்க வைஸ் வேண்டும். வைஸ் இருப்பது எங்கள் தெருமுனையில் பாயின் சைக்கிள் கடையில். மறுநாள் சாயங்காலம் டியூட்டி முடித்துப் போனேன்.

பாய்க்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். என் பள்ளிக்கூட சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். மிதியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்னம்மா, எலிப்பொறி மாதிரி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கு?” விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை. வைஸில் அந்த வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, மிதியின் கழுத்தை அதற்குள் இறக்கி, நான் எல்லா மரையையும் கழற்றுகிற மாதிரி இடப்பக்கமாகத் திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். வளையத்தின் பல் ஒன்று வெளுத்து நசுங்கியது.

“அங்குட்டுச் சுத்தாதம்மா. இங்குட்டுச் சுத்து.”

“கழட்டத்தானே பாய் செய்றேன்.”

“எந்தப் பக்கத்து மிதி?”

வலது.

“வெளி மரை நேர் மரைன்னா உள் மரை எதிர் மரையா இருக்கும். சுத்திப் பாரு.”

வலப்பக்கமாகத் திருகினேன். டப்பென்று விட்டது. கருவியின் மேலேயே அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது. நான் அதைத் தலைகீழாக வைஸில் வைத்துவிட்டுப் படிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி ஒன்றைப் பார்க்கிற மனுஷர் யோசித்தே சொல்லிவிட்டார்.

இந்த மரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மிதி கிராங்கில் (மிதியைத் தாங்கும் கை) ஏறும் மரை வலதுபக்கம் சாதாரணம், இடதுபக்கம் எதிர் மரை. மனப்பாடம் பண்ண வேண்டாம்: எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் மேல்முனை பின்சக்கரத்தைப் பார்த்துப் போனால் கழலும், முன்சக்கரத்தைப் பார்த்துப் போனால் இறுகும். மிதியின் வயிற்றுக்குள் அச்சைப் பூட்டி வைத்திருக்கும் லாக் போல்ட் இதற்கு நேர்மாறு: வலது மிதியில் எதிர் மரை, இடது மிதியில் சாதாரண மரை. சம்பந்தர் கதையில் வரும் திருவேடகத்து ஏடு மாதிரி ஒன்று ஆற்றோடு போகும், ஒன்று எதிர்த்து ஏறும்.

இடது மிதிக்கு எதிர் மரை எதற்கு என்று ரொம்ப நாள் எனக்குக் குழப்பம். ஒரு பென்சிலை விரல் வளையத்துக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வலப்பக்கமாக வட்டம் சுற்றிப் பாருங்கள். பென்சில் தன்னைத் தானே இடப்பக்கமாக உருட்டிக்கொள்ளும். நம் காலின் பாரமும் அச்சைச் சுற்றிச் சுற்றி இப்படித்தான் அழுத்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் இடது மிதி ஓட்ட ஓட்டத் தானே கழன்று விழும். உள்ளே இருக்கும் லாக் போல்ட்டின் கணக்கு வேறு: பேரிங் இறுகிப்போய் அச்சு அதை இழுத்துக்கொண்டு சுற்றப் பார்த்தாலும், இறுகும் பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். அதனால்தான் உள்ளே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

சரி, திறந்தாகிவிட்டது. உள்ளிருந்து அச்சு மொத்தமாக உருவிக்கொண்டு வந்தது, பிளாஸ்டிக் கழுத்து, அதன் கீழே விரல் மொத்தத்துக்கு ஒரு இரும்புக் குழாய், கடைசியில் குட்டி நட்டுகள் இரண்டு. கூடவே கருப்பும் செம்மண்ணும் கலந்த ஒரு குழம்பு. கிரீஸ் என்று சொல்ல முடியாது, சுண்டின ரசம்.

பாய் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, இதுவும் கோனும் குண்டும்தான். நம்ம பெடல்ல இருக்குறதத்தான் சுருக்கிச் செஞ்சிருக்காய்ங்க.”

அவ்வளவுதான் விஷயம். அந்த இரும்புக் குழாயின் இரண்டு வாயிலும் ஒவ்வொரு வரிசைக் குண்டு. ஒரு முனையில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான கோன், அதைப் பூட்ட ஒரு லாக் நட். கோனுக்கு 10, நட்டுக்கு 7 ஸ்பேனர்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு முழுசாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று வெறி. ஆட்டம் வேறு இருந்ததால் எப்படியும் கோனைத் தொட வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, லேபில் ஓரம் நசுங்கியதால் கழித்துக்கட்டிய ஒரு கிட்னி டிரேயில் வைத்துப் பிரித்தேன். நட்டைக் கழற்றினேன், கோனைக் கழற்றினேன், குழாயைச் சாய்த்தேன். கடுகு கொட்டுகிற மாதிரி கொட்டியது. கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, ஒவ்வொன்றும் 3/32 அங்குலம், அதாவது இரண்டரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. டீசலில் அலசி, துணியில் உருட்டித் துடைத்து, பார்செப்ஸால் பத்துப் பத்தாக எண்ணினேன்.

23.

மறுபடி எண்ணினேன். தினமும் மைக்ரோஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணுகிறவள் நான், எண்ணிக்கையில் தப்பு வராது. 23. குழாயின் ஒரு பக்கத்துக்கு 12, இன்னொரு பக்கத்துக்கு 12. ஒன்று குறைகிறது. மாடித் தரையை டார்ச் அடித்துத் தேடினேன், விளக்குமாறால் பெருக்கிச் சலித்தேன், அம்மா மேலே வந்து, “மணி பதினொன்னு ஆகுது, என்னத்தடி தேடுற?” என்றாள். “குண்டு” என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

காலையில் பாயிடம் போனேன். அவர் ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். பின்சக்கரத்துக்குக் கால் இன்ச், முன்சக்கரத்துக்கு 3/16, நம்மூர் மிதிக்கு 5/32. இவ்வளவு பொடிசு அவரிடம் இல்லை. ஒன்று குறைந்தாலும் ஓடும் என்றார். ஓடும்தான், மனசு ஒப்பவில்லை. ஒன்று மட்டும் புதுசாகப் போட்டாலும் சரிவராது. தேய்ந்த குண்டுகளுக்கு நடுவில் புதுக் குண்டு மயிரிழை பெரிதாக நின்று பாரம் முழுக்க அதன் தலையில் விழும். மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும்.

அந்த 24-வது குண்டு குளிக்கப் போகும்போது கிடைத்தது. என் முழங்கையில், காய்ந்த கிரீஸுக்குள், மரு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பப் பூட்டுவதற்குப் பொறுமை வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். குழாயின் வாயில் கிரீஸ் தடவினால் அதுவே பசை. குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தால் விழாது. ஒரு பக்கம் 12, அச்சில் கோத்து, மறுபக்கம் 12, கோன், நட்டு. ஆட்டம் சரிபண்ணுவதில்தான் ஒரு மணி நேரம் போனது. கோனைக் கையால் சரியாக வைப்பேன், ஆட்டமே இருக்காது, அச்சு வழுக்கிக்கொண்டு சுற்றும். நட்டை இறுக்கியதும் கடுக்கென்று இறுகிவிடும். தளர்த்துவேன், ஆட்டம் வந்துவிடும். மூன்றாவது தடவை பாய்க்குப் போன் போட்டேன். “கோனுல துளி ஆட்டம் விட்டு வையி. நட்டு இறுகும்போது அத இழுத்துக்கும்.” அதேதான். துளி ஆட்டம் என்பது எவ்வளவு என்று கேட்கக்கூடாது. நாலைந்து முறை செய்தால் விரலுக்குத் தெரியும்.

இப்போது ‘இங்கே நிறுத்தியிருக்கலாம்’ என்றேனே, அதைச் சொல்கிறேன். ஆட்டம் இல்லாமல், வெறும் வறட்சி மட்டும் என்றால் குண்டைத் தொடவே வேண்டாம். அடுத்த வருஷத்திலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன். அச்சை மொத்தமாக உருவி எடுத்து வெளியே துடைக்க வேண்டியது. மிதியின் வயிற்றை, துடைப்பக் குச்சியில் பனியன் துணி சுற்றித் துடைத்து எடுக்க வேண்டியது. அந்தக் குழிக்குள் புது கிரீஸைப் பாதி வரை நிரப்பி, அச்சைத் திரும்பத் திருக வேண்டியது. திருகத் திருக உள்ளே இருக்கும் கிரீஸுக்குப் போக இடம் இல்லாமல், குண்டுகளின் இடுக்கு வழியாகவே புகுந்து, பழைய கருப்பைத் தள்ளிக்கொண்டு கழுத்துப் பக்கம் பிதுங்கும். முதலில் கருப்பு, அப்புறம் சாம்பல். துடைத்துவிட்டு, கழற்றி, இன்னும் கொஞ்சம் வைத்து மறுபடி திருகினால் வைத்த நிறத்திலேயே வரும். இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிற மாதிரி நிதானமாக அது வெளியே வருவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மிதிக்கு இருபது நிமிஷம். திருகும்போது மட்டும் அவசரம் வேண்டாம். கிரீஸ் வழிவிட நேரம் கொடுக்காமல் முறுக்கினால் பிளாஸ்டிக் மரைதான் கெடும்.

கிரீஸ் நிரப்ப 10 மில்லி சிரிஞ்சு. ஊசி இல்லாமல், உறிஞ்சி எடுக்கப் பார்க்காமல் (வராது), பிஸ்டனை உருவி பின்பக்கமாக அடைத்து, நுனியை மிதியின் அடிவரைக்கும் விட்டு அழுத்த வேண்டும். வாயிலிருந்து அப்பினால் அடியில் காற்று நின்றுவிடும்.

என்ன கிரீஸ் என்பதில் பெரிய பூஜை எதுவும் இல்லை. ஆட்டோமொபைல் கடையில் எம்பி கிரீஸ் என்று கேட்டால் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் போதும். சைக்கிளுக்கென்று குட்டி டியூபில் வருவதும் நல்லதுதான், விலைதான் கிராம் கணக்கில் தங்கம் மாதிரி. மிதிக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழி காலையில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெயை பேரிங்கில் விட்டு என்ன பிரயோஜனம்? டபிள்யூடி-40 அடித்தால் சத்தம் உடனே நிற்கும், அதனால்தான் ஆபத்து. அது தண்ணீரை விரட்டுவதற்குச் செய்தது. பெயரில் இருக்கும் டபிள்யூடி-க்கே அதுதான் அர்த்தம். மிச்சம் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பூட்டும் ஸ்பிரிங்கில் ஏறிய மண்ணைக் கழுவ வேண்டுமானால் அடிக்கலாம், அப்புறம் அங்கே ஒரு சொட்டு ஆயில்.

பூட்டிய பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கழுத்தில் கிரீஸ் கசியும். பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டால் போதும். நான் துடைக்காமல் வண்டியை ஹாலில் நிறுத்தி மொசைக் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டேன். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது. கிராங்கில் திரும்ப மாட்டும்போது அந்த மரைக்கும் ஒரு விரல் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மிதி கழலாது.

வருஷத்துக்கு இரண்டு முறை செய்கிறேன். அப்பா கணக்குப்படி ஆயுத பூஜைக்கு முன்னால் ஒன்று, மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும் ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். தண்ணீர் குடித்த மிதியைக் கோடை வரைக்கும் விட்டால் உள்ளே துரு பிடித்து கோனில் பள்ளம் விழுந்துவிடும், அப்புறம் எத்தனை கிரீஸ் வைத்தாலும் அந்த நெறிபடல் போகாது. மேலக்கால் சாலையில் தண்ணீர் ஓடினால் இப்போதெல்லாம் இறங்கித் தூக்கிக்கொண்டு கடக்கிறேன். பால்காரர் போனால் போகட்டும்.

அந்தச் சாம்பல் வளையம் என்னிடம் இல்லை. ஒரு பல் நசுங்கினாலும் மற்ற பற்கள் பிடிக்கின்றன. வைஸ் பாய் கடையில் இருப்பதால் கருவியையும் அங்கேயே விட்டுவிட்டேன். டியூப் தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். போன மாசம் போனபோது அது இல்லை. “விளாங்குடியில இருந்து ஒரு தம்பி வந்துச்சும்மா, இதே எலிப்பொறி பெடலு. சாயங்காலம் கொண்டாந்து தந்துரும்” என்றார். “எந்தப் பக்கம் சுத்தணும்னு சொன்னீங்களா பாய்?” என்றேன். “அதச் சொல்லாமலா?”